முனியப்பன் கிணற்றில் மோட்டார்ச் சாவி

வாழிய பாலசுந்தரம்! சேலம் செவ்வாய்ப்பேட்டைக் குறுஞ்சந்திலே ஓட்டுவீடு ஒன்றை ஆண்ட கோமகன் வாழிய! கோர்ட்டு ரிக்கார்டு அறையின் கனத்த இரும்புத் திறவுகோலைப் பதினெட்டாண்டுக் காலம் இடுப்பிலே தாங்கி, இடி இடித்தபோதும், இன்ஸ்பெக்ஷன் வந்தபோதும், சொந்தக் கலியாணத்தில் மணையிலே அமர்ந்தபோதும் அதைத் தவறவிடாத தனிப்பெரும் வீரன், பக்கத்து மேசைக்குப் பென்சில் கொடுத்தாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டே கொடுத்த கறார்த் திலகம், வேட்டிக்கு மேல் கோட்டும் கோட்டுக்கு மேல் கோபமும் அணிந்த குமாஸ்தா குலவிளக்கு வாழிய! விடுமுறைக்கென்று அவன் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்த மோட்டார் வாழிய! அதன் சாவியை அவன் தொலைத்தான். அந்தச் சாவியும் கிடக்கும் இடத்தில் சுகமாகக் கிடந்து வாழிய!

இச்சரிதத்தைச் சொல்லப் புகுமுன் ஒரு தெய்வத்தை வணங்குவது முறை. பிள்ளையாரை அழைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு குமாஸ்தா சாவி தொலைத்த கதைக்கெல்லாம் என்னைக் கூப்பிடுகிறாயே என்று அவர் முறைத்தால் என்னிடம் பதில் கிடையாது. ஆகவே சம்பவத்தில் நேரடிச் சம்பந்தமுள்ள சாமியையே சரணடைகிறேன். வெண்ணந்தூருக்கு இரண்டு மைல் இப்பால், புளியமரத்தடியில், உருட்டு விழியும் முறுக்கு மீசையும் ஓங்கிய அரிவாளுமாக அமர்ந்திருக்கும் சங்கிலி முனியப்பனே, கதை முடியும்வரை என் வாயை மட்டும் கட்டிவிடாதே!

வாயைக் கட்டுவது அவர் தொழில். யாராவது ஒருவரின் நாக்கால் நொந்தவர்கள் புதுப் பூட்டு ஒன்றோடு அவர் முன்னே வருவார்கள். பகைவன் பெயரை மூன்று முறை சொல்லி, அங்கே தொங்கும் சங்கிலியில் பூட்டை மாட்டிப் பூட்டுவார்கள். பிறகு சாவியைத் தலைக்கு மேலாகப் பின்னாலிருக்கும் கிணற்றில் எறிந்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்துவிடுவார்கள். அன்றோடு பகைவன் வாய் அடைத்துப் போகும் என்பது அந்தச் சுற்றுவட்டாரத்தின் நம்பிக்கை. சங்கிலியிலே இருந்த பூட்டுகளை எண்ணி முடித்தவர் யாருமில்லை.

நம் நாயகனுக்கும் ஒரு பகைவன் இருந்தான். அவன் மருதாசலம், நாயகனின் மனைவி கமலவேணியோடு பிறந்த அண்ணன். வெண்ணந்தூரிலே மூன்று கிணற்றுப் பாசனமும், இரண்டு சோடி காங்கேயம் காளைகளும், ஒரு வாயும் உடையவன். நிலமும் காளைகளும் ஊராருக்கு உதவின. வாய் மட்டும் தங்கை புருஷனுக்கென்றே வளர்க்கப்பட்டது.

சென்ற தைப்பொங்கலுக்கு நடந்ததைக் கேளுங்கள். பஸ்ஸை விட்டிறங்கி மூன்று மைல் நடந்த பாலசுந்தரத்தின் வலது செருப்பு நடுவழியில் வார் அறுந்தது. அறுந்ததை எறிய மனம் வராமல் (இரண்டு வருடம்கூட ஆகாத செருப்பு) அதைக் கையிலே ஏந்தியபடி மச்சான் வீட்டு வாசலை அடைந்தான். பந்தல் நிறைய உறவுக்கூட்டம் அமர்ந்திருக்க, மருதாசலம் எழுந்து நின்று கைகூப்பி முழங்கினான்.

“வாங்க மாப்பிள்ளை, வாங்க! செருப்பு உங்களைச் சொமந்துக்கிட்டு வருமுன்னு பாத்தா, நீங்க செருப்பைச் சொமந்துக்கிட்டு வாரீங்களே!”

பந்தல் சிரித்தது. பாத்திரம் கழுவியவர்கள் சிரித்தார்கள். கமலவேணிகூட ஒரு கணம் சிரித்து, பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள் என்பதுதான் நாயகன் நெஞ்சிலே தைத்த முள். நான்கு மாதம் அவன் சரியாகத் தூங்கவில்லை. ரிக்கார்டு அறையின் தூசி படிந்த கட்டுகளுக்கு நடுவே நின்று அவன் இரண்டு சபதங்கள் செய்தான். அடுத்த முறை வெண்ணந்தூருக்கு மோட்டாரில் போய் இறங்குவேன். அதற்கு முன் அந்த வாயைப் பூட்டுவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருடம் மே மாதம் வந்தது. கோர்ட்டுகள் கோடை விடுமுறைக்கு மூடின. வெண்ணந்தூரிலே மாரியம்மன் நோம்பி என்னும் ஊர்த்திருவிழா. பகல் விருந்துக்கு வந்துவிட வேண்டும் என்று அண்ணன் வீட்டிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். பாலசுந்தரம் கடைவீதியிலே கட்டைவிரல் அளவு பித்தளைப் பூட்டு ஒன்றை வாங்கினான். வாடகை மோட்டார் ஒன்றையும் அமர்த்தினான். மோட்டாரோடு சென்றாயன் என்னும் டிரைவரும் வந்தான்.

இங்கேதான் ஐயன்மீர், விதி தன் வேலையைத் தொடங்கிற்று. உலகில் சிலர் இருக்கிறார்கள். வண்டி யாருடையது, ஓட்டுபவன் யார், வழி தெரிந்தவன் யார் என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. சாவி எவன் கையிலோ அவனே அதிபதி. நம் நாயகன் அந்த இனத்தின் முடிசூடிய மன்னன். தான் சற்றே கண்ணயர்ந்தால் டிரைவர் வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு நடை போய்வந்துவிடுவான் என்ற சந்தேகமும் அவனுக்கு இருந்தது. ஆகவே, காலை ஏழு மணிக்கு, தெருவே கூடி மோட்டாரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், வலக்கரத்தை நீட்டிச் சாவியைக் கேட்டான்.

“ஏனுங்க சாமி, அது எங்கிட்டயே இருக்கட்டுமுங்க. வண்டின்னா ஒண்ணு ரெண்டு நெளிவு சுளிவு இருக்குமுங்க…” என்றான் சென்றாயன்.

நாயகன் நிமிர்ந்தான். தெரு கேட்கும்படி அவன் விடுத்த பிரகடனமாவது:

“வாடகை என்னுது. சாவி எங்கிட்டத்தான் இருக்கும். நீ ஓட்டுறதோட சரி. நானா கேட்காம நீ வாயைத் தொறக்கக் கூடாது, தெரிஞ்சுதா?”

சென்றாயன் சாவியைக் கொடுத்தான்; வாயை மூடினான். அவன் மானமுள்ளவன். மூடியது மூடியதுதான்.

புறப்பட்டது மோட்டார்! புழுதிப் படலம் எழ, கோழிகள் சிதற, நாய்கள் கால் மைல் தூரம் துரத்திக் களைத்து நிற்க, தென்னந்தோப்புகளையும் தரிசுகளையும் கடந்து காற்றைக் கிழித்துக்கொண்டு சென்றது. வழியிலே ஆட்டையாம்பட்டிச் சந்தியில் கூட்டத்தைக் கண்ட நாயகன் வண்டியை நிறுத்தச் சொன்னான். இறங்கினான். சாவிக் கயிற்றை ஆட்காட்டி விரலிலே மாட்டி, வலம் சுழற்றி, இடம் சுழற்றி, தாகமே இல்லாமல் இரண்டு சோடா குடித்தான். மூன்றாவதுக்குக் கை நீட்டியபோது வண்டிக்குள்ளிருந்து கமலவேணி கூப்பிட்டாள்.

“ஏனுங்க, பந்திக்குப் போறமா, சோடாக் கடைக்கு வந்தமா? எங்க அண்ணன் எலை போடாமக் காத்துக்கிட்டு இருக்கும்.”

“உங்க அண்ணன் காத்துக் கெடக்கட்டும். இன்னைக்குத் தெரியும் சேதி,” என்றான் நாயகன், பல்லைக் கடித்துக்கொண்டு. மனைவிக்கு முனியப்பன் யோசனை தெரியாது. உடன்பிறந்தானின் வாயைக் கட்டப் போகிறேன் என்று எவன் பெண்டாட்டியிடம் சொல்வான்? சேலத்துக் குமாஸ்தாவுக்கும் அந்த அளவு புத்தி உண்டு.

புளியமரம் வந்தது. “அஞ்சே நிமிசம், சாமி கும்பிட்டு வாரேன்,” என்று அவளை வண்டியிலேயே இருத்திவிட்டு நாயகன் போர்க்களம் புகுந்தான். முனியப்பன் முன்னே கோட்டோடு நிற்கலாகாது. ஆகவே கவசமாகிய கோட்டைக் கழற்றினான். கோட்டின் வலப்பையிலே மோட்டார்ச் சாவி, இடப்பையிலே பூட்டுச் சாவி. இரண்டையும் பத்திரமாக எடுத்து ஒரே இடுப்பு மடிப்பிலே செருகினான். பதினெட்டாண்டு சாவி தாங்கிய இடுப்பு. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு சாவி தாங்கிப் பழகிய இடுப்பு. இதை நீங்கள் மனத்திலே குறித்துக்கொள்ள வேண்டும்.

பூசாரி காளியப்பன் கற்பூரம் காட்டினான். நாயகன் கண்மூடினான். “மருதாசலம்! மருதாசலம்! மருதாசலம்!” என்று மும்முறை நெஞ்சதிர உரைத்தான். பூட்டை மாட்டி அழுத்தினான், ‘டக்’ என்றது. தைப்பொங்கலன்று சிரித்த பந்தலை ஒருமுறை நினைத்தான். இடுப்பு மடிப்பிலே கைவிட்டு, அகப்பட்டதை இறுகப் பற்றி, தலைக்கு மேலே வீசினான். பின்னே, ஆழத்திலே, ‘டுபுக்’ என்று ஒரு சிற்றொலி கேட்டது. திரும்பிப் பாராமல், நெஞ்சு விம்ம, மீசை துடிக்க, பாதி உலகை வென்றவனாக நடந்து மோட்டாரை அடைந்தான்.

அங்கே காத்திருந்தது பேரிடி. இடுப்பிலிருந்து எடுத்த சாவி மோட்டாரின் துளையிலே நுழையவில்லை. நேராகச் செருகிப் பார்த்தான். தலைகீழாகச் செருகிப் பார்த்தான். வேட்டி நுனியால் துடைத்தான், வாயால் ஊதினான், “கிரகசாரம்!” என்றான். முனியப்பனின் விளக்கிலிருந்து எண்ணெய் தொட்டுவந்து தடவினான். அரை நாழிகை அந்தத் துளையோடு துவந்த யுத்தம் செய்து, நெற்றி வேர்வை மூக்கு வழியே சொட்டச் சொட்ட, கடைசியில் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். கட்டைவிரல் நகமளவு பித்தளைச் சாவி ஒன்று பளபளத்தது. அது பூட்டின் சாவி.

பதினெட்டாண்டுப் புகழ் அந்தக் கணத்திலே கிணற்றுக்குள் கிடந்தது.

“ஏனுங்க சாமி, ஒரே ஒரு வார்த்தைங்க,” என்று சென்றாயன் தலையைச் சொறிந்தான்.

“நான் உன்னைக் கேட்டேனா?” என்று கர்ச்சித்தான் நாயகன்.

“இல்லீங்க,” என்று சென்றாயன் போய்ப் புளியமரத்து நிழலிலே துண்டை விரித்துப் படுத்தான்.

பூசாரியிடம் முறையிட்டான் பாலசுந்தரம். காளியப்பன் மருளவுமில்லை, மறுகவுமில்லை. கோர்ட்டில் பதினெட்டாண்டிலும் நாயகன் கேளாத தெளிவோடு தீர்ப்பு வழங்கினான்.

“சாமி மேல தப்பு இல்லீங்க. எதும்பட சாவி கெணத்துல உழுந்துதோ, அதும்பட வாயைத்தானுங்க சாமி கட்டும். நீங்க காரு வாயைக் கட்டிப்போட்டீங்க.”

“அப்போ என் மச்சான் வாய்?”

“அது தொறந்துதானுங்க கெடக்குது. அந்தச் சாவிதான் உங்க கையில இருக்குதே.”

நாயகன் அஞ்சினானோ? அஞ்சவில்லை. “கிணற்றிலே ஆள் இறக்கி எடுங்கள்!” என்று ஆணையிட்டான். கோடையாதலால் கிணற்றிலே இடுப்பளவு தண்ணீர்தான். இறங்குவதற்கு ஒரு கயிறும் ஓர் ஆளும் போதும். அந்தோ! அந்த ஆணை காற்றிலே கலந்ததுதான் தாமதம், சோளக்காட்டிலிருந்தும், களத்துமேட்டிலிருந்தும், தறிக்குழியிலிருந்தும் எழுந்து வந்தது ஒரு சேனை. கையிலே கிடைத்ததை ஏந்தி வந்தார்கள். களைக்கொத்து, தார்க்குச்சி, ஒருத்தி கையிலே பாதி கட்டிய விளக்குமாறு. அவள் பெயர் பெருமாயி. கிணற்று மேட்டிலே ஏறி நின்று அவள் செய்த முழக்கம் கொல்லிமலைவரை கேட்டிருக்கும்.

“எம் மாமியா சாவி உள்ள கெடக்குது! பதனோரு வருசமா ஊடு நிம்மதியா இருக்குது. உள்ள எறங்கிக் கலக்கி, அந்தச் சாவியும் கூட வந்துச்சுன்னா அந்த வாய்க்கு யாரு பதில் சொல்றது? எவன் எறங்கறான்னு பாக்கறேன்!”

பங்காளியைப் பூட்டியவன் ஆமோதித்தான். சம்பந்தியைப் பூட்டியவன் முழங்கையை மடக்கிக் காட்டினான். பெருமாயியின் மாமியாரும் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு மருமகளுக்குப் பக்கத்திலேயே காவல் நின்றாள். அவள் மருமகளுக்காகப் போட்ட சாவியும் அதே கிணற்றில்தான் கிடக்கிறது என்பது பூசாரிக்கு மட்டும் தெரியும். இருவரும் அப்படி ஒற்றுமையாக நின்றதை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாயகன் தன் பிரம்மாஸ்திரத்தைத் தொடுத்தான். “நான் யாரு தெரியுமா? கோர்ட்டு ஆளு! வழி விடாட்டி நடக்கறதே வேற!”

கூட்டத்திலே யாரோ ஒருவன், கோபமே இல்லாமல், உள்ளதைச் சொல்பவனாகச் சொன்னான். “கோர்ட்டுல தீராததைத்தானுங்க சாமி இங்க பூட்டி வெச்சிருக்கறோம்.”

அஸ்திரம் முறிந்தது. தன் ரிக்கார்டு அறையிலே பதினெட்டாண்டாகத் தீராமல் கிடக்கும் கட்டுகள் நாயகனின் நினைவிலே வந்து போயின. அவனுக்கு உண்மையிலேயே அவமானமாக இருந்தது. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். அந்த வெயிலிலே அதனால் யாதொரு பயனும் இல்லை.

“ஏனுங்க சாமி…” என்று நிழலிலிருந்து மெல்ல எழுந்தது சென்றாயனின் குரல்.

“பேசாதே!”

உச்சிவெயில் சாய்ந்தது. விருந்து வேளை கடந்தது. வண்டிக்குள் வெந்துகொண்டிருந்த கமலவேணிக்கு என்ன நடந்தது என்பது அதற்குள் பெருமாயி வாயிலாக முழுக்கத் தெரிந்துவிட்டது. யார் பெயருக்கு யார் பூட்டுப் போட்டது என்பது உட்பட. அவள் கதவைத் திறந்து இறங்கினாள். புருஷனை ஏறிட்டுப் பார்த்தாள்.

“எங்க அண்ணன் வாயையா பூட்ட வந்தீங்க? அது பேசறது எனக்கும்தான் புடிக்காது. பதனாறு வருசமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு நான் சாவறேன். ஒரு தடவையாவது என்னைக் கேட்டீங்களா? எனக்குக் காரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். பசிக்குது.”

சொல்லிவிட்டு, வெண்ணந்தூர்ப் பக்கம் போன வண்டிக்காரன் ஒருவனிடம் அண்ணனுக்குச் செய்தி சொல்லி அனுப்பினாள். நாயகன் தடுக்க வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையிலே அது தானே மூடிக்கொண்டது.

வந்தான் மருதாசலம்! காங்கேயம் காளைகளில் ஒரு சோடியைக் கையிலே பிடித்து, தோளிலே வடக்கயிறும், முகத்திலே நான்கு மாதமாகச் சேர்த்து வைத்த மகிழ்ச்சியுமாக வந்தான். மோட்டாரை ஒருமுறை வலம் வந்தான். காளைகளைப் பார்த்தான். மாப்பிள்ளையைப் பார்த்தான். சங்கிலியிலே பூட்டுண்டதாகக் கருதப்பட்ட அந்த வாய் மலர்ந்தது.

“ஏனுங்க மாப்பிள்ளை! காரு உங்களை இழுத்துக்கிட்டு வருமுன்னு ஊரே காத்துக்கிட்டு இருக்குது. கடைசியில நம்ம மாடு காரையும் சேத்து இழுக்கோணுமுங்களா?”

பெருமாயி சிரித்தாள். மாமியார் சிரித்தாள். முனியப்பன் பல்லும் சற்று வெளியே தெரிந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. பின்பு வடம் கட்டினார்கள். சென்றாயன் சக்கரத்தைப் பிடித்து முன்னே அமர்ந்தான், பேசவில்லை. கமலவேணி அண்ணனோடு நடந்தே வருவதாகச் சொல்லிவிட்டாள். எனவே பின் ஆசனத்திலே தன்னந்தனியனாக, முதுகு வளையாமல், கோட்டுப் பொத்தான்கள் அனைத்தையும் பூட்டிக்கொண்டு, பித்தளைச் சாவியை முட்டிக்குள் இறுக்கியபடி பவனி வந்தான் பாலசுந்தரம். இரண்டு மைல் வழியெங்கும் சனங்கள் காட்டுவேலையை விட்டு ஓடிவந்து பார்த்தார்கள். காளைகள் ஓரிடத்தில் நின்று சாணம் போட்டன. நாயகன் நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

தைப்பொங்கலுக்குச் சிரித்த அதே உறவுக்கூட்டம் அதே பந்தலிலே நின்றது. மோட்டார் வாசலிலே நிறுத்தப்பட்டது. தண்ணீர்ச் செம்போடு வந்த கமலவேணி, புருஷனுக்குக் கொடுத்தபின், முன்னாசனத்திலே மரம்போல் உட்கார்ந்திருந்த சென்றாயனுக்கும் நீட்டினாள்.

“ஏஞ் சாமி, நீ காலையில இருந்து என்னமோ சொல்ல வந்தியே, என்ன அது?”

சென்றாயன் செம்பை வாங்காமல் பின்னாலே திரும்பி நாயகனைப் பார்த்தான். பந்தலும் பார்த்தது. மருதாசலமும் பார்த்தான். களைத்து, தோற்று, பசித்து, ஊர்ப்புழுதி முழுவதையும் கோட்டிலே சுமந்திருந்த பாலசுந்தரம் அன்றைய தினத்தில் முதன்முறையாக அவனிடம் கேட்டான்.

“என்னப்பா?”

“ஒண்ணுமில்லீங்க சாமி. இந்தச் சுவிச்சுக்குப் பின்னால ரெண்டு ஒயரு இருக்குதுங்க. அதை இழுத்துச் சேத்து முறுக்குனா சாவியில்லாமயே வண்டி கெளம்பிக்குமுங்க. எங்க மொதலாளி வாரத்துக்கு ஒருக்கா சாவியைத் தொலைக்கறாருங்க.”

சொல்லிக்கொண்டே குனிந்து, இழுத்து, சேர்த்து, முறுக்கினான். உறுமியது மோட்டார்! பந்தற்கால்கள் அதிர, பாத்திரங்கள் கலகலக்க, காலையிலே செவ்வாய்ப்பேட்டையை எழுப்பிய அதே பேரொலியோடு, பழுதொன்றும் இல்லாமல், காளைகளின் பின்னே கட்டிய வடத்தோடு நின்று உறுமியது. நூறு கண்கள் மருதாசலத்தின் வாயை நோக்கின. தைப்பொங்கலை மிஞ்சும் வாசகம் ஒன்று அதிலிருந்து பிறக்கப் போகிறதென்று உறவெல்லாம் செவி தீட்டி நின்றது. அவ்வாய் திறந்தது, பின்னாசனத்திலே முட்டிக்குள் பித்தளைச் சாவியை இறுக்கிக் கண்ணிலே நீர் முட்ட அமர்ந்திருந்த மாப்பிள்ளையை அவன் கண்கள் கண்டன, அவ்வாய், எவன் எந்தப் பூட்டுப் போட்டாலும் அதுவரை மூடியிராத அவ்வாய், அப்படியே மூடிக்கொண்டது.

மருதாசலம் மாட்டை அவிழ்த்துக் கொண்டுபோய்க் கட்டினார்.